கதை வாசிப்பதன் நியாயம்

ஆண்டுதோறும் ஒக்டோபர் எமது நாட்டில் தேசிய வாசிப்பு மாதமாகக் கொண்டாடப்படுகின்றது. பாடசாலை வாயில்களில் பதாகைகள் தொங்கும். பிள்ளைகள் வாசிப்பதில்லை என்ற கவலை எல்லா மேடைகளிலும் ஒரே குரலில் ஒலிக்கும். கவலை உண்மையானதுதான். ஆனால், ஒரு காலத்தில் பசி மறந்து கதை வாசித்துவிட்டுப் பின்னர் அடியோடு விட்டுவிட்ட வளர்ந்தவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்களுள் பலர் மேடையிலேயே அமர்ந்திருப்பது அதற்கொரு காரணமாகலாம்.

பத்தாண்டுகளுக்கு மேல் நானும் அவர்களுள் ஒருவனாக இருந்தவன். உருத்திரபுரத்துப் பாடசாலை ஒன்றில் கற்பிப்பவன். நாவலும் சிறுகதையும் என்னை விட்டுப்போன விதத்தையும், திரும்பி வந்த விதத்தையும் இங்கு சொல்லப் போகின்றேன். அதைவிட முக்கியமாக, அந்தத் திரும்புதலுக்கு நியாயம் உண்டா என்ற கேள்வியை வாசகர் முன் வைக்க விரும்புகின்றேன். எங்கள் பக்கத்தில் இது பொழுதுபோக்குப் பற்றிய கேள்வியாக இருக்க முடியாது.

இரணைமடுக் குளத்து நீரை நம்பி எழுந்த குடியேற்றக் கிராமம் எங்களுடையது. சந்திக்குக்கூட எட்டாம் வாய்க்கால் என்றுதான் பெயர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் அருந்தற்பொருள். போத்தல் விளக்கின் திரியைச் சிறிதாக்கி, பாடம் படிக்கவென்று கிடைத்த வெளிச்சத்தில் கதைப் புத்தகம் வாசித்த தலைமுறை நாங்கள். மட்டை இல்லாத, முதற் பத்துப் பக்கங்களும் இல்லாத நாவல்கள் வீட்டுக்கு வீடு கைமாறின. எழுதியவர் பெயர் தெரியாமலே சிலவற்றை இரண்டு தடவை வாசித்ததுண்டு. 1996 இல் கிளிநொச்சியை விட்டுச் சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கம் இடம்பெயர்ந்தபோதும் அந்தப் பழக்கம் எங்களோடு கூடவே வந்தது. ஆகவே, கஷ்டம் வந்ததால் வாசிப்பு நின்றது என்று சொல்ல மாட்டேன். கஷ்டத்தில்தான் அது வளர்ந்தது.

அது நின்றது 2008 இன் இறுதியில் தொடங்கிய ஓட்டத்தில். 2009 ஜனவரி 2 ஆம் திகதி இராணுவம் கிளிநொச்சியைக் கைப்பற்றியபோது நகரில் சனமில்லை. தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று போன ஒவ்வோர் இடத்திலும் எதையோ விட்டுப் போனோம். செட்டிகுளம் மனிக் பாம் முகாமுக்குள் நுழைந்தபோது கையில் எஞ்சியிருந்தது அடையாள அட்டையும் பிறப்புச் சான்றிதழும் போட்ட பை மட்டுமே. ஊர் திரும்பிய பிறகு வீடு, வேலை, ஆசிரிய கலாசாலைப் பயிற்சி, பிள்ளைகள் என்று காலம் ஓடியது. புத்தகம் கிடைக்காமல் இல்லை. எடுத்த நாவல் இரண்டாம் பக்கத்தைத் தாண்டவில்லை. கதையில் ஒருத்திக்குக் கலியாணம் தள்ளிப் போனால், ஒருவனுக்கு வேலை போனால், ‘இதெல்லாம் ஒரு துன்பமா?’ என்று மனம் கேட்கும். புத்தகம் மூடிக்கொள்ளும்.

அந்தக் கேள்வி புத்தகத்தோடு நின்றிருந்தால் பெரிய இழப்பில்லை. அது மனிதர்களையும் தொட்டது. யுத்தத்திற்குப் பிந்திய எங்கள் வாழ்க்கையில் துயரம் ஒரு படிவமாயிற்று. பெயர், திகதி, இடம், உறவுமுறை. ஆணைக்குழுவுக்கு ஒரு தடவை, நிறுவனத்துக்கு ஒரு தடவை, பத்திரிகையாளருக்கு ஒரு தடவை என்று ஒரே இழப்பைச் சனம் திரும்பத் திரும்பச் சொல்லிற்று. வீட்டுத்திட்டத்துக்கு ஆள் தெரியும்போது குடும்ப நிலைக்குப் புள்ளி இட்டார்கள். உதவி சிறிதாகவும் கேட்பவர் பலராகவும் இருக்கும்போது இதைத் தவிர்க்க முடியாது என்பதும் தெரியும். ஆனால் அந்தத் தராசு மெல்ல மெல்ல எங்கள் தலைக்குள்ளும் ஏறிக்கொண்டது. ஒருவர் தன் கதையைச் சொல்லத் தொடங்கியதுமே, கேட்பவர் தன்னுடையதை எடுத்து மறுதட்டில் வைத்தார்.

கலாசாலையில் எனக்கு ஒரு முஸ்லிம் நண்பர் வாய்த்தார். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றியபோது, யாழ்ப்பாணத்தில் இரண்டு மணி நேர அவகாசத்தில் வீட்டை விட்டுப் புறப்பட்ட குடும்பம் அவருடையது. அப்போது அவர் சிறுவன். வளர்ந்தது புத்தளத்தில். வடக்கிலிருந்து அவ்வாறு துரத்தப்பட்டவர்கள் சுமார் 75,000 பேர். அவர் 1990 ஐப் பற்றிச் சொல்வார். நான் 2009 ஐப் பற்றிச் சொல்வேன். இருவரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வோம். பின்னர் மௌனம். எங்கள் நட்பில் குறை எதுவும் இருக்கவில்லை. ஆனாலும் இரண்டு திகதிகளுக்கு நடுவே ஒரு தராசு தொங்கிக்கொண்டிருந்ததை இருவரும் அறிவோம்.

பயிற்சி முடிந்து பல ஆண்டுகளின் பின் சந்தித்தபோது அவர் ஒரு புத்தகத்தைக் கையில் தந்தார். “மச்சான், உங்கட கதையும் எங்கட கதையும் கொஞ்சம் இருக்கட்டும். இது வேற ஆக்களிட கதை. வாசிச்சுப் பாரும்” என்றார். தோப்பில் முஹம்மது மீரான் எழுதி 1988 இல் நூலாக வந்த ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ அது. இவ்விதழின் வாசகர்களுக்கு அதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அதில் வரும் வடக்குவீட்டு அஹமதுக்கண்ணு முதலாளி ஊரை அடக்கி ஆள்பவர். கல்வி வந்தால் தன் பிடி தளரும் என்று அஞ்சுபவர். ஓர் ஆசிரியனுக்கு அவரை வெறுக்க எல்லாக் காரணமும் உண்டு. வெறுத்துக்கொண்டேதான் வாசித்தேன். ஆனால் அவருடைய செல்வாக்கு கரையக் கரைய, ‘நல்லா வேணும்’ என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த மனிதர் என் தரப்புமில்லை, எதிர்த்தரப்புமில்லை. அவருக்காக வருந்துவதால் நான் யாரையும் காட்டிக்கொடுத்தவன் ஆக மாட்டேன்.

அதன் பின் ஒரு சக ஆசிரியரிடமிருந்து அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’யை நிழற்பிரதியாகப் பெற்று வாசித்தேன். 1973 இல் வீரகேசரி பிரசுரமாக வந்த நாவல். முல்லைத்தீவுப் பக்கத்துத் தண்ணிமுறிப்பில் பதஞ்சலியும் கதிராமனும் காட்டோரத்தில் அமைத்துக்கொள்ளும் வாழ்க்கைதான் கதை. எங்கள் வன்னி மண்தான், எங்கள் காடுதான். ஆனால் அந்தக் காட்டில் செல் விழாது. பின்னால் வரப்போவது எதுவும் அந்தப் பாத்திரங்களுக்குத் தெரியாது. வன்னி என்றாலே அழிவு என்று பழகிப்போன எனக்கு, அழிவுக்கு முன்பும் இங்கே மனிதர் ஆசைப்பட்டார்கள், தடுமாறினார்கள், பொறாமைப்பட்டார்கள் என்பதை அந்நாவல் திருப்பித் தந்தது. அவர்களுடைய துன்பத்தை எங்களுடையதோடு நிறுக்கத் தோன்றவில்லை.

அந்நாட்களில் அயலிலுள்ள முதிய கமக்காரர் ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார்.

“என்ன மாஸ்டர், ஒரு மாதிரி இருக்கிறியள்?”

“ஒண்டுமில்லை அப்பு. ஒரு கதை வாசிச்சனான்.”

“நடந்த கதையோ?”

“இல்லையப்பு, கற்பனை.”

“நடவாத ஒண்டுக்கு ஏன் மாஸ்டர் கவலைப்படுவான்? நடந்தது காணாதே?”

இதே கேள்வியை 1975 இல் கொலின் ரட்ஃபோர்ட் என்ற ஆங்கில மெய்யியலாளர் எழுப்பினார். அன்னா கரீனினா என்று ஒருத்தி இருந்ததில்லை என்று நன்றாகத் தெரிந்திருந்தும் அவளுடைய விதிக்காக நாம் எவ்வாறு கலங்குகிறோம்? அது இயல்பானது, ஆனால் அறிவுக்குப் பொருந்தாதது என்பது அவர் முடிவு. ரட்ஃபோர்ட்டுக்கு அது அறிவைப் பற்றிய புதிர். எங்கள் முதியவருடைய கேள்வியில் ‘நடந்தது காணாதே’ என்ற இரண்டு சொற்கள் கூடுதலாக இருந்தன. அவை அதை அறத்தைப் பற்றிய கேள்வியாக்கிவிட்டன.

அறக் கேள்வியும் பழையதே. நான்காம் நூற்றாண்டில் வட ஆபிரிக்காவில் பிறந்த அகுஸ்தீன், சிறுவயதில் வேர்ஜிலின் காவியத்தில் டைடோ இறந்ததற்கு அழுததையும், தன் ஆன்மாவின் நிலைக்கு அழாததையும் பிற்காலத்தில் எண்ணி வருந்தினார். 1758 இல் ரூசோ இன்னும் கடுமையாகச் சொன்னார். நாடகம் பார்த்துக் கண்ணீர் விடுபவர் மனிதக் கடமையை நிறைவேற்றிவிட்டதாகத் திருப்திப்பட்டுக்கொள்கிறார். உயிருள்ள மனிதருக்கோ பொருளும் நேரமும் கொடுக்க வேண்டியிருக்கும் என்பது அவர் வாதம்.

கிளிநொச்சியில் இருந்துகொண்டு இதை இலகுவாகத் தள்ளிவிட முடியாது. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி கந்தசுவாமி கோயில் முன்றலில் காணாமலாக்கப்பட்டோரின் உறவுகள் தொடங்கிய போராட்டம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பதில் அறியாமலே இறந்துபோன தாய் தந்தையர் பலர். பிள்ளையின் படத்தை மடியில் வைத்திருக்கும் ஒரு தாயைக் கடந்து, பையில் நாவலோடு வீட்டுக்குப் போகும் ஒருவன், இல்லாத ஒருத்திக்காக இரவில் கலங்குவது தகுமா?

கண்ணீருக்கு ஓர் அளவு உண்டு, இங்கே சிந்தினால் அங்கே குறையும் என்று எண்ணினால் தகாது. ஆனால் மனித மனம் மண்ணெண்ணெய்ப் போத்தல் அல்ல. நான் கதை வாசிக்காத ஆண்டுகளில் உயிருள்ள மனிதருக்கு மனதைக் கூடுதலாகக் கொடுத்தேனா என்று கேட்டால், கொடுத்த கணக்கு எதுவும் இல்லை. அயலில் பலரையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். கதை நின்ற இடத்தில் கருணை வந்து குந்தவில்லை. கைத்தொலைபேசி வந்து குந்தியது.

பாடசாலையில் நாளாந்தம் காணும் ஒன்றைச் சொல்கிறேன். பிள்ளை வராததற்குக் காரணம் சொல்ல ஒரு தாய் வருவாள். இடாப்பில் ஒரு குறிப்பு எழுத விரலளவு இடம்தான். அவள் தொடங்குவது பசுமாட்டிலிருந்து. மாடு அறுத்துக்கொண்டு போனது, அடுத்த காணிக்காரரோடு வாக்குவாதம் வந்தது, கணவன் அன்று குடித்தது, மகன் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு அம்மம்மா வீட்டுக்குப் போனது. படிவத்துக்குப் பழகிய காது ‘காரணத்தைச் சொல்லுங்கோ அம்மா’ என்று இடைமறிக்கும். நாவலுக்குப் பழகிய காதுக்குக் காரணம் அந்த மாட்டில்தான் இருக்கிறது என்பது தெரியும். கற்பனை மனிதருக்கு நாம் கொடுக்கும் கவனம் ஒரு பயிற்சி. அங்கே நிவாரணம் கொடுக்க வேண்டியதில்லை, தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, எங்கள் இழப்பை எடுத்து எதிரே வைக்கவும் தேவையில்லை. முழுவதையும் கேட்பது ஒன்றே வேலை. அந்தப் பழக்கம் மறுநாட் காலை இடாப்பின் முன் நிற்கும் தாய்க்கு உதவாவிட்டால் ரூசோ சொன்னது சரி. உதவினால், அவருக்கு அதுவே விடை.

கதை நல்லவர்களை உருவாக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. நன்றாக வாசித்த கொடியவர்களும் உலகில் இருந்திருக்கிறார்கள். ஆனால் அவசரமான காலத்தில் கதை வேண்டாத ஆடம்பரம் என்ற எண்ணத்துக்கு எங்கள் இலக்கிய வரலாறே மறுப்பு. ஈழத்தின் முதலாவது தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் ‘அசன்பேயுடைய கதை’யை 1885 இல் வெளியிட்ட சித்திலெவ்வை, ஓய்வு மிகுந்த மனிதரல்லர். சட்டத்தரணி. 1882 இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கியவர். தம் சமூகத்துப் பிள்ளைகளுக்குப் பாடசாலை வேண்டுமென்று அலைந்தவர். ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளிவந்து ஆறே ஆண்டுகளான அந்தக் காலத்தில், இத்தனை வேலைகளுக்கும் நடுவே எகிப்தில் பிறந்த ஒருவனின் கதையைத் தமிழில் எழுத அவர் நேரம் கண்டார். தம் மக்களுக்குக் கல்வியும் பத்திரிகையும் மட்டும் போதாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த நூல்கள் சுமார் 97,000 என்று எண்ணி வைத்திருக்கிறோம். அது எண்ண வேண்டிய கணக்குத்தான். வாசிப்பை விட்டுப்போன மனிதருக்குக் கணக்கில்லை. அவர்கள் திரும்பி வருவதற்கு வழி பெரிதாக ஒன்றுமில்லை. ஊரில் யாராவது ஒருவர் இன்னொருவரின் கையில் ஒரு புத்தகத்தை வைக்க வேண்டும். தன் கதையாகவும் கேட்பவர் கதையாகவும் இல்லாத மூன்றாமவரின் கதையாக அது இருந்தால் நல்லது. நானும் நண்பரும் இப்போது தொலைபேசியில் பேசும்போது அஹமதுக்கண்ணு முதலாளியைப் பற்றி வாதிடுகிறோம். அந்த வாதத்தின் இடையே 1990 உம் 2009 உம் வந்து போகின்றன. முன்னர் போல் பேச்சு நின்றுவிடுவதில்லை.

வகுப்பில் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையில் பிள்ளைகளுக்கு ஒரு கதை வாசித்துக் காட்டுகிறேன். பாடப் புத்தகத்துக் கதை ஒவ்வொன்றின் முடிவிலும் கேள்விகள் இருக்கும், படிப்பினை இருக்கும். இந்தக் கதைக்குப் பிறகு நான் எதையும் கேட்பதில்லை. சென்ற வாரம் ஒரு சிறுமி, கதையில் வந்த கிழவி இரவு சாப்பிட்டாளா என்று என்னைக் கேட்டாள். புத்தகத்தில் அது இல்லை என்றேன். அப்படியென்றால் பக்கத்து வீட்டார் கொடுத்திருப்பார்கள் என்று அவளே சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.