ஓய்வும் கீழ்ப்படிதலே

ஞாயிற்றுக்கிழமை இரண்டு ஆராதனைகள். அன்று இரவே பேருந்தேறி வெளியூர் கன்வென்ஷன். வெள்ளிக்கிழமை நள்ளிரவில் வீடு திரும்பினால், சனிக்கிழமை காலையில் ஒரு வீடு பிரதிஷ்டை, மாலையில் வாலிபர் கூட்டம். இதற்கிடையே மாத இதழுக்குக் கட்டுரை எழுதவேண்டும். அச்சகத்திலிருந்து இரண்டு முறை கேட்டாயிற்று. நம் சபைகளில் ஓரளவு பெயர் தெரிந்த ஊழியர் ஒருவரின் வாரம் இப்படித்தான் ஓடுகிறது. "உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஐயா" என்று யாராவது சொன்னால், "ஆண்டவர் பெலன் தருகிறார்" என்று பதில் வருகிறது. அந்தப் பதிலில் விசுவாசம் உண்டு. ஆனால் பெலன் தருகிற அதே ஆண்டவர்தான் ஓய்வையும் கட்டளையாகக் கொடுத்தார் என்பதை அது விட்டுவிடுகிறது.

மாற்கு சுவிசேஷத்தின் ஆறாம் அதிகாரத்தில் சீஷர்கள் தங்கள் முதல் ஊழியப் பயணத்தை முடித்துத் திரும்புகிறார்கள். இருவர் இருவராக ஊர் ஊராய்ப் போய், நோயாளிகளுக்கு எண்ணெய் பூசிக் குணமாக்கியவர்கள். சொல்வதற்கு அவர்களிடம் ஏராளம் இருந்தது. கேட்கவும் கூட்டம் இருந்தது. வருகிறவர்களும் போகிறவர்களுமாக இருந்ததால் அவர்களுக்குச் சாப்பிடக்கூட நேரம் கிடைக்கவில்லை. அந்த நேரத்தில் இயேசு அவர்களுக்கு அடுத்த ஊர்களின் பட்டியலைத் தரவில்லை. சற்றே இளைப்பாறும்படி தனிமையான ஓர் இடத்துக்குப் படகில் அழைத்துப்போனார்.

கூட்டம் கரைவழியே ஓடி அவர்களை முந்திக்கொண்டது என்பது உண்மை. அவர் மனதுருகிப் போதித்தார், ஐயாயிரம் பேரின் பசியாற்றினார். இதை எடுத்துக்காட்டி, "பார்த்தீர்களா, அவரே ஓய்வை விட்டுக்கொடுத்தார்" என்பவர்கள் உண்டு. அதே நாள் மாலையை அவர்கள் வாசிப்பதில்லை. சீஷர்களைப் படகேற்றி, ஜனங்களையும் அனுப்பிவிட்டு, ஜெபம்பண்ண அவர் மலைமேல் ஏறினார். பகலில் கைநழுவிய தனிமையை இரவுக்குள் மீட்டுக்கொண்டார். பிறர் தேவைக்காக ஓய்வு தள்ளிப்போகலாம், தொலைந்துபோகக் கூடாது.

கர்மேலில் அக்கினி இறங்கக் கண்ட எலியா, சில நாட்களுக்குள் சூரைச்செடியின் கீழ் படுத்துச் சாவை வேண்டினார். பரலோகம் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் வந்தன. தின்றார், குடித்தார், திரும்பவும் தூங்கினார். தூதன் இரண்டாம் முறையும் தட்டியெழுப்பிச் சாப்பிட வைத்தான். அதன் பிறகே ஓரேப் மலைப் பயணமும் அங்கே கேட்ட தேவசத்தமும். ஆவிக்குரிய வீழ்ச்சி என்று நாம் பயந்துபோகும் சோர்வுகளில் சில, பல மாதங்களாகச் சரியாகத் தூங்காத உடம்பின் முறையீடு. அப்படிப்பட்டவரிடம் இன்னும் இரண்டு நாள் உபவாசம் இருக்கச் சொல்வது, அந்தத் தூதன் செய்ததற்கு நேர்மாறானது.

ஓய்வெடுக்கவிடாமல் ஊழியரைத் தடுப்பது பெரும்பாலும் சோம்பேறி என்று பெயர் வாங்கும் பயம் அல்ல; நான் போகாவிட்டால் வேலை நின்றுவிடும் என்ற எண்ணம்தான். ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் செயின்ட் பீட்டர்ஸ் சபையின் போதகராயிருந்த ராபர்ட் மர்ரே மெக்செய்னின் வாழ்க்கை இதற்குத் தெளிவான மறுமொழி. வேத வாசிப்பு அட்டவணையால் நம்மில் பலர் அறிந்த பெயர் அது. 1836-ல் இருபத்து மூன்று வயதில் அந்தப் பொறுப்பேற்றவர், இரண்டே ஆண்டுகளில் நெஞ்சுப் படபடப்பால் வேலையை நிறுத்தவேண்டியதாயிற்று. ஓய்வுக்காக எடின்பரோவிலிருந்த பெற்றோர் வீட்டுக்குப் போனார். 1839-ல் திருச்சபை பாலஸ்தீனத்துக்கு அனுப்பிய குழுவில் ஒருவராகப் புறப்பட்டார். திரும்பும் வழியில் சிமிர்னா அருகே காய்ச்சல் கண்டு உயிருக்குப் போராடினார். அதே கோடைகாலத்தில், அவருடைய இடத்தில் பிரசங்கித்துவந்த வில்லியம் பர்ன்ஸ் என்ற இளைஞரின் ஊழியத்தில், டண்டியில் பெரிய எழுப்புதல் தொடங்கியது. தன் ஜனத்துக்காக மெக்செய்ன் எத்தனையோ நாள் வேண்டிக்கொண்டது, அவர் ஊரில் இல்லாதபோது நடந்தது. திரும்பி வந்தவர் பொறாமைப்படவில்லை, மகிழ்ந்தார். 1843-ல் இருபத்தொன்பது வயதில் விஷக்காய்ச்சலில் இறந்த அந்த மனிதரின் பிரசங்கங்களைவிட, அவர் ஊரில் இல்லாத அந்த மாதங்களே இன்றைய ஊழியருக்கு அதிகம் கற்பிக்கின்றன. அறுப்புக்கு எஜமான் ஒருவர் இருக்கிறார். வேலையாள் தூங்கினாலும் அவர் தூங்குவதில்லை.

எழுதுகிற ஊழியருக்கு ஓய்வின்மையின் ஆபத்து இரட்டிப்பு. மேடையில் குரலும் முகமும் பாட்டும் கைகொடுக்கும். காகிதத்தில் எந்தத் துணையும் கிடையாது. பயணத்துக்கும் பயணத்துக்கும் நடுவே, ரயில் நிலையக் காத்திருப்பு அறையில் எழுதி அனுப்பும் கட்டுரையில் வசனங்கள் சரியாகவே இருக்கும். ஆனால் போன ஆண்டு அரைத்த மாவையே அரைத்திருப்பது வாசகருக்குத் தெரிந்துவிடும். காரணம் எளிது. வேதத்தைத் திறக்கும்போதெல்லாம் இதிலிருந்து எத்தனை குறிப்பு எடுக்கலாம் என்று தேடுகிறவர், தமக்கென்று வாசிப்பதை நிறுத்திவிட்டவர். செய்திக்காக இல்லாமல், கையில் பேனா இல்லாமல், ஒரு சங்கீதத்தை ஒரு வாரம் முழுவதும் வாசிக்க அவருக்கு நேரம் வேண்டும். அந்த வாசிப்பைப் பற்றி யாருக்கும் எழுத வேண்டியதில்லை.

நெல்லைச் சீமையின் டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையாரை இங்கே நினைக்கவேண்டும். 1931-ல் களக்காட்டில் ஒரு குழியில் தவறி விழுந்து காயப்பட்டவர், 1951-ல் இறக்கும்வரை பெரும்பாலும் தம் அறையிலேயே இருந்தார். படுக்கையிலிருந்து பத்துக்கு மேற்பட்ட நூல்களை எழுதினார். படுக்கையிலும் ஓயாதவர் என்று பிரசங்கங்களில் அவரை உதாரணம் காட்டுகிறோம். அந்த ஆண்டுகளை ஓய்வு என்று எண்ணிவிடக் கூடாது, அவை வேதனையின் ஆண்டுகள். அவர் ஓய்வை எப்படி மதித்தார் என்பதை அறிய இன்னும் பின்னால் போகவேண்டும். நல்ல உடல்நலத்தோடு வேலை குவிந்திருந்த 1917-லேயே, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு காட்டு நிலத்தை வாங்கி, தம் பராமரிப்பிலிருந்த பிள்ளைகளும் உடன் ஊழியர்களும் போய்த் தங்கி இளைப்பாற அங்கே வீடு கட்டச் செய்தார். நோய் வந்து படுக்க வைக்கட்டும் என்று காத்திராமல், ஓய்வுக்குக் கல்லும் மண்ணும் கொண்டு இடம் உண்டாக்கினார்.

இதில் சபையாருக்கும் பங்கு உண்டு. சுயாதீனமாக ஊழியம் செய்கிறவர்கள் பலருக்குக் கூட்டங்களில் கிடைக்கும் காணிக்கையே வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமும். ஒரு மாதம் அவர் பயணம் போகாவிட்டால் அடுப்பெரிவது சிரமம். அந்த வீட்டில் ஓய்வைப் பற்றி உபதேசிப்பது எளிது, உதவுவதே கடமை. ஆசரிப்புக் கூடாரத்தின் வேலையிலிருந்து லேவியர் ஐம்பது வயதில் விலகவேண்டும், அதன்பின் சகோதரருக்குத் துணையாகக் காவல் காத்தால் போதும் என்று எண்ணாகமம் விதிக்கிறது. தம்முடைய வேலைக்காரரின் முதுகுக்கு எவ்வளவு பாரம் தகும் என்று தேவன் கணக்குப் பார்த்திருக்கிறார். நாமோ இரவு பதினொரு மணிக்குப் போதகரின் கைபேசியை அழைத்து, அவர் எடுக்காவிட்டால் மனம் நோகிறோம்.

ஆகவே ஊழியரே, அடுத்த ஆண்டுக்கான நாட்குறிப்பு கைக்கு வந்ததும், கூட்டங்களைக் குறிப்பதற்கு முன் ஓய்வு நாட்களைக் குறித்துவிடுங்கள். வாரத்தில் ஒரு நாள் மனைவி மக்களுக்கு. மாதத்தில் ஒரு நாள் தனிமைக்கு. ஆண்டில் சில நாட்கள் மேடையும் பேனாவும் இல்லாமல். யாராவது அந்த நாளைக் கேட்டால், அன்றைக்கு ஏற்கனவே ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று சொல்லுங்கள், அது பொய்யாகாது. சபையாரே, அப்படிச் சொல்கிற ஊழியரைக் குறைவாக நினைக்காதீர்கள். அவர் திரும்பி வந்து பேசும்போது, கேட்டுப் பெற்ற வார்த்தையைப் பேசுவார். அதைக் கேட்கத்தானே கூடி வருகிறோம்.