பசியாற்றும் இடம்

'தாய்ப்பால்' என்ற சொல்லை எந்த மேடையிலும் சொல்லலாம். அமைச்சர்கள் சொல்கிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துச் சுவர்கள் சொல்கின்றன. ஆகஸ்ட் முதல் வாரத்தில் செவிலியர் பயிற்சி மாணவிகள் பதாகை பிடித்துக்கொண்டு சொல்லிப் போகிறார்கள். 'முலைப்பால்' என்று சொல்லிப் பாருங்கள். கூட்டம் சங்கடமாக நெளியும். இரண்டும் ஒரே பால்தான். முதல் சொல்லில் உறவு தெரிகிறது, இரண்டாவதில் உடல் தெரிகிறது. உறவைக் கொண்டாடுவோம், உடலை மறைத்து வைத்துக்கொள் என்று நம் சமூகம் தாய்மாரோடு ஓர் எழுதாத ஒப்பந்தம் போட்டிருக்கிறது. பேருந்து நிலையத்தில் பிள்ளை வீறிட்டு அழும்போது அந்த ஒப்பந்தத்தைக் காப்பாற்ற முடியாமல் ஒரு பெண் தவிக்கிறாள்.

கல்லூரியில் புறநானூற்றின் 278ஆம் பாடலை ஒவ்வோர் ஆண்டும் நடத்துகிறேன். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. மகன் போரில் தோற்று ஓடினான் என்று ஊரார் சொல்லக் கேட்ட முதிய தாய், அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுத்தெறிவேன் என்று சினந்து, வாளோடு களத்துக்குப் போய்ப் பிணங்களைப் புரட்டித் தேடுகிறாள். மாணவிகள் 'வீரத்தாய்' என்று எழுதிக்கொள்வார்கள். அடுத்த பருவத்தில் சிலப்பதிகாரம் வரும். கண்ணகி இடமுலையைத் திருகி எறிந்து மதுரையை எரிப்பாள். அதையும் எழுதிக்கொள்வார்கள். ஒருமுறை வகுப்பில் கேட்டேன்: "வீரத்துக்கு அறுக்கத் துணிந்த முலையும் ஊரை எரித்த முலையும் பாடத்திட்டத்தில் இருக்கின்றன. பிள்ளையின் பசிக்கு உள்ள முலைக்கு மட்டும் ஏன் இத்தனை கூச்சம்?"

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி சொன்னாள்: "மேடம், கண்ணகியை யாரும் செல்போன்ல வீடியோ எடுக்கல."

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பதில் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. இலக்கியத்திலிருந்து நான் எழுப்பிய கேள்வியை அவள் தரையில் இறக்கி வைத்துவிட்டாள். இந்தக் கட்டுரை அவளுக்கு நான் சொல்ல முயலும் பதில்.

அவள் அச்சத்துக்கு அரசு சொன்ன பதில் ஓர் அறை. 2015 ஆகஸ்டில், தாய்ப்பால் வாரத்தையொட்டி, தமிழ்நாட்டின் பேருந்து நிலையங்களில் 350க்கும் மேற்பட்ட பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பேருந்தில் போகும் பெண்ணை மனத்தில் வைத்து எடுத்த முடிவு அது. பிறந்த குழந்தைக்கு ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் வேண்டும். ஆறு மாதம்வரை தாய்ப்பால் தவிர வேறெதுவும் வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு தாய்க்கு உட்கார இடம் வேண்டும். அந்த இடம் இல்லையென்றால், வீட்டிலிருந்து அவள் எவ்வளவு தூரம் போகலாம் என்பதை ஊராரின் கண்கள் முடிவு செய்துவிடும். வங்கி, கல்லூரி, நீதிமன்றம், தாய்வீடு எல்லாமே அந்த எல்லைக்கு அப்பால் போய்விடும். அறையைக் கேலி செய்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

2016இல் என் மகளுக்கு ஐந்து மாதம். ஊரிலிருந்து திரும்பும்போது ஒரு பேருந்து நிலையத்தில் இறங்கினேன். பாலூட்டும் அறை பூட்டியிருந்தது. சாவி டைம் ஆபீசில் இருக்கும் என்றார்கள். அங்கிருந்தவர் மேசை இழுப்பறையைத் துழாவிவிட்டு, வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவரைப் பார்த்து, "பால் ரூம் சாவி ஒங்கிட்டயா இருக்கு?" என்று கத்தினார். பத்துப் பதினைந்து தலைகள் என் பக்கம் திரும்பின. ஒருவழியாகக் கதவு திறந்தபோது உள்ளே துடைப்பமும் பினாயில் கேனும் உடைந்த நாற்காலியும் இருந்தன, மின்விசிறி இல்லை. என்னை மறைத்துக்கொள்ளக் கட்டப்பட்ட அறையைத் திறப்பதற்கே நான் ஊரறிய அறிவிக்கப்பட வேண்டியிருந்தது.

வெளியே வந்து பூக்காரம்மாவுக்குப் பக்கத்துத் திண்ணையில் உட்கார்ந்தேன். அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. கூடையை நகர்த்தி இடம் செய்துகொடுத்தார். "நல்லா சாஞ்சு உக்காரும்மா, முதுகு வலிக்கும்" என்றார். பிறகு பூத் தொடுப்பதில் மூழ்கிவிட்டார். மகள் குடித்து முடிக்கும்வரை எங்கள் முன்னால் நூறு பேராவது போயிருப்பார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை.

இந்த ஓர் அனுபவத்தை வைத்து அறை வேண்டாம் என்று நான் சொன்னால் அது அநியாயம். நன்றாகப் பராமரிக்கப்படும் அறைகள் இருக்கின்றன. அவற்றில் நிம்மதியாக மூச்சு விட்ட பெண்களை எனக்குத் தெரியும். என் ஐயம் வேறு. ஓர் அறை இரண்டு விதமாகப் பேசும். 'உனக்கு மறைவு வேண்டுமானால் இங்கே வா' என்று பேசலாம். 'உன் இடம் இது, வெளியே உட்காராதே' என்றும் பேசலாம். சுவரும் கதவும் ஒன்றுதான், பலகையில் எழுதியிருப்பதும் ஒன்றுதான். எப்படிப் பேசுகிறது என்பது அறைக்கு வெளியே பால் கொடுக்கும் பெண்ணை நாம் எப்படி நடத்துகிறோம் என்பதில் தெரிந்துவிடும். "அதான் ரூம் கட்டி வெச்சிருக்காங்கல்ல?" என்று ஒருவர் கேட்ட மறுகணம், அந்த வசதி தடையாகிவிடுகிறது.

பெண் மார்பை மறைப்பதா வேண்டாமா என்ற கேள்விக்கு நம் மண்ணில் ஒரு வரலாறு உண்டு. இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், நாடார் பெண்களும் அவர்களைப் போல் ஒடுக்கப்பட்ட பிற சாதிப் பெண்களும் மேலாடை அணியத் தடை இருந்தது. அணிந்தவர்கள் தாக்கப்பட்டார்கள், துணிகள் கிழிக்கப்பட்டன. பல பத்தாண்டு தோள்சீலைப் போராட்டத்துக்குப் பிறகு 1859இல் மன்னர் அறிவிப்பு அவர்களுக்கு மேலாடை உரிமையைத் தந்தது. அப்போதும் உயர்சாதிப் பெண்கள் அணியும் விதத்தில் அணியக் கூடாது என்ற நிபந்தனை கூடவே வந்தது.

ஆகவே 'மறைப்பது அடிமைத்தனம், திறப்பது விடுதலை' என்ற எளிய கணக்கு நமக்கு உதவாது. இந்த மண்ணின் பெண்கள் ஒரு துண்டுத் துணிக்காக அடிபட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு மறைப்பது மானம், உரிமையும்கூட. அன்று மூடாதே என்று சொன்ன அதிகாரமும் இன்று மூடு என்று சொல்லும் அதிகாரமும் ஒன்றில் உடன்படுகின்றன: அந்த உடலுக்கு உரியவளைக் கேட்க வேண்டியதில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. கட்டட வேலை நடக்கும் இடங்களில், செங்கல் சூளையில், நூறு நாள் வேலை நடக்கும் ஏரிக்கரையில், பெண்கள் வெட்டவெளியில் பால் கொடுக்கிறார்கள். யாரும் முகம் சுளிப்பதில்லை. நகரத்து நண்பர் ஒருவர் இதைச் சொல்லி, "கிராமத்துப் பெண்களுக்கு இந்தக் கூச்சமெல்லாம் இல்லை" என்று வியந்தார். அது கூச்சமின்மையா, வேறு வழியின்மையா? வேலையிடத்துக்கு ஐந்தும் அதற்கு மேலும் சிறு குழந்தைகள் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்றது நூறு நாள் வேலைச் சட்டம். அப்படி ஒருவர் எத்தனை ஏரிக்கரைகளில் இருக்கிறார் என்பதை அந்தப் பெண்களிடமே கேட்டுப் பாருங்கள். உற்றுப் பார்க்கும் மேஸ்திரியை அதட்டக் கூலிக்காரப் பெண்ணால் முடியாது. நாளை வேலை இருக்காது. அவள் வெட்டவெளியில் இருப்பதைச் சுதந்திரம் என்று சொல்வது நம் வசதிக்காக நாம் சொல்லிக்கொள்வது. நடுத்தர வர்க்கப் பெண்ணுக்கு மானம் உண்டு என்பதால் அறை. இவளுக்கு மானம் இருப்பதாகவே நினைக்காததால் வெட்டவெளி. தேர்ந்தெடுக்கும் உரிமை இருவருக்குமே தரப்படவில்லை.

சீர்காழியில் நடந்ததாகச் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். தந்தை குளத்தில் நீராடப் போனார். கரையில் மூன்று வயதுப் பிள்ளை அழுதது. உமையம்மை பொற்கிண்ணத்தில் பால் கொடுத்தாள். பிள்ளை ஞானசம்பந்தன் ஆனான். இன்றும் அங்கே அதைத் திருமுலைப்பால் விழாவாகக் கொண்டாடுகிறார்கள். விழாவின் பெயரில் அந்தச் சொல் கூச்சமில்லாமல் இருக்கிறது. கதையில் என்னை நிறுத்துவது தந்தையின் கேள்வி. கரையேறி வந்தவர் பிள்ளையின் வாயில் பாலைப் பார்க்கிறார். பசி தீர்ந்ததா என்று கேட்கவில்லை. குச்சியை ஓங்கி, யார் தந்த பாலைக் குடித்தாய் என்று கேட்கிறார். பொது இடத்தில் பாலூட்டும் பெண்ணைச் சுற்றி எழும் கேள்விகளும் இப்படித்தான் இருக்கின்றன. யார் இவள், ஏன் இங்கே, கூட யாரும் வரவில்லையா, துணி போட்டு மூடக்கூடாதா? பிள்ளையின் பசி அந்த வரிசையில் வருவதே இல்லை.

சட்டம் மெதுவாக நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 2018இல் மலையாள இதழான கிருஹலட்சுமி, பாலூட்டும் பெண்ணின் படத்தை அட்டையில் போட்டு, எங்களை உற்றுப் பார்க்காதீர்கள் என்று தாய்மார் சொல்வதாக எழுதியது. அட்டை ஆபாசம் என்று தொடுத்த வழக்கைக் கேரள உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆபாசம் பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது என்றது. 2025 பிப்ரவரியில், பொது இடத்திலும் பணியிடத்திலும் பாலூட்டுவதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

பணியிடம் என்றதும் எனக்குக் கல்லூரிக் கழிவறை நினைவுக்கு வருகிறது. விடுப்பு முடிந்து திரும்பிய மாதங்களில் மூன்றாவது பாடவேளை முடியும்போது பால் கட்டி மார்பு கல்லாகக் கனக்கும். ஆசிரியர் அறையில் எல்லோரும் இருப்பார்கள். கழிவறையில் நின்று பாலைப் பீய்ச்சித் தண்ணீர்த் தொட்டியில் விடுவேன். 18 கிலோமீட்டருக்கு அப்பால் மகள் புட்டிப்பால் குடித்துக்கொண்டிருப்பாள். 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம், குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்ட ஒரு நாளில் இரண்டு இடைவேளை தந்தது. 2017இல் செய்த திருத்தம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், தாய் நாளில் நான்கு முறை அங்கே போய்வரலாம் என்றது. காப்பகம் இல்லாத இடத்தில் இடைவேளையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? யாருக்குக் கொடுப்பது?

இனி என் மாணவிக்கு வருகிறேன். செல்போன் பயம் உண்மையானது. அந்தப் பயம் தீரும்வரை நல்ல அறை வேண்டும். தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கும் அறை வேண்டும். ஆனால் பயத்துக்குக் காரணமானவனை விட்டுவிட்டுப் பயப்படுகிறவளை மட்டும் அறைக்குள் அனுப்பிக்கொண்டிருந்தால் அது எப்படி முடியும்?

அப்பாயி ஒருபோதும் 'பால் கொடுக்கிறேன்' என்று சொன்னதில்லை. "புள்ளைக்குப் பசியாத்திட்டு வாரேன்" என்பார். அந்தச் சொல்லில் பெண்ணின் உறுப்பு இல்லை, பார்ப்பவனின் கண் இல்லை. பிள்ளையின் பசி மட்டும் இருக்கிறது. அப்படிப் பார்த்தால் பாலூட்டுவது ஒரு சாப்பாட்டு நேரம். சாப்பாட்டு நேரத்துக்கு நம்மிடம் ஏற்கெனவே ஓர் ஒழுங்கு உண்டு. பந்தியில் பக்கத்து இலையை உற்றுப் பார்க்கக் கூடாது என்று சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். சாப்பிடுகிறவர் வாயைப் பார்த்தால் வீட்டில் அதட்டு விழும். 'நீ உள்ளே போய்ச் சாப்பிடு' என்று சாப்பிடுகிறவரை யாரும் எழுப்புவதில்லை. விதி பார்க்கிறவருக்குத்தான். அருவருப்போடு முகத்தைத் திருப்பிக்கொள்வதும் நம் பந்தி வழக்கம் இல்லை. இடம் கொடுத்து, வேண்டியதைக் கேட்டு, பிறகு நம் இலையைப் பார்க்கிறோம்.

பூக்காரம்மா எந்தத் தீர்ப்பையும் படித்தவரில்லை. அவர் செய்தது இதைத்தான். வரவேற்கும் இடம் என்று நான் சொல்வதும் இதைத்தான்: அறை திறந்திருக்க வேண்டும், அறைக்கு வெளியே இருக்கும் திண்ணையும் திறந்திருக்க வேண்டும், எதில் உட்காருவது என்பதை அந்தத் தாய் சொல்ல வேண்டும்.

இதைப் படிக்கும் மாணவிகளில் பலர் இன்னும் தாயாகவில்லை. சிலர் ஆகப் போவதில்லை, அது அவர்கள் விருப்பம். ஆனால் எல்லோரும் பேருந்தில் போகிறீர்கள். அடுத்த முறை பக்கத்து இருக்கையில் ஒருத்தி பிள்ளையோடு தவித்தால், ஜன்னலோர இருக்கையை அவளுக்கு விடுங்கள். யாராவது செல்போனைத் தூக்கினால் சத்தம் போட்டுக் கேளுங்கள். அவளை எதுவும் கேட்காதீர்கள். அவள் பிள்ளை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது.