ஒளியில் ஒட்டிய லென்ஸ்

கண்புரை அறுவையில் வைக்கும் செயற்கை லென்ஸ், பழைய லென்ஸ் இருந்த மெல்லிய உறைக்குள் உட்கார்ந்துகொள்ளும். அந்த உறை கிழிந்துபோனவர்களுக்கும், மார்ஃபான் நோயாளிகளைப் போல உறையைத் தாங்கும் நுண்ணிழைகள் தளர்ந்தவர்களுக்கும் அப்படி உட்கார இடமில்லை. வெள்ளைவிழியோடு நூலால் தைத்தால், சில ஆண்டுகளில் நூல் அறுந்துபோவதுண்டு. 2007இல் சென்னையில் மருத்துவர் அமர் அகர்வால் ஃபைப்ரின் பசையைத் துணைக்கு அழைத்தார். இன்னொரு வழி ஒளி. ரோஸ் பெங்கால் என்னும் சாயத்தைத் திசுவில் தடவிப் பச்சை ஒளி பாய்ச்சினாலோ, ரிபோஃப்ளேவின் சொட்டு விட்டுப் புறஊதா ஒளி காட்டினாலோ கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்துகொள்கின்றன. ரிபோஃப்ளேவின் முறை, கருவிழி கூம்பிப்போகும் கெரட்டோகோனஸ் நோய்க்கு ஏற்கெனவே மருத்துவமனைகளில் நடந்துவருவதுதான். இப்படிப்பட்ட பிணைப்பால் லென்ஸையும் கண்ணில் நிறுத்தலாம் என்று எண்ணும்போது, பழைய தத்துவக் கேள்வி ஒன்று புதிதாக எழுகிறது. உடம்போடு ஒட்டிப்போன பொருள் 'நான்' ஆகிவிடுமா? ஆகாது என்பது என் முடிவு. இன்னும் ஒரு படி போய், பிறந்தபோதே ஒட்டியிருந்ததும் 'நான்' இல்லை என்பேன்.

பசை முறையில் உண்மையில் எது எதோடு ஒட்டுகிறது என்று பார்க்க வேண்டும். லென்ஸின் இரு பக்கமும் மயிரிழை போன்ற வளைந்த கால்கள் இருக்கும். வெள்ளைவிழியில் பாதி ஆழத்துக்கு ஒரு மடலைத் தூக்கி, பக்கத்தில் சிறு சுரங்கம் போட்டு, காலின் நுனியை அதில் செருகிவிட்டு மடலை மூடுகிறார்கள். பசை பிணைப்பது மடலையும் அதன் அடித்தளத்தையும்தான். அங்கே பசைக்குப் பதில் ஒளியை வைத்தாலும் கதை மாறாது. பிளாஸ்டிக்கில் பிணைய கொலாஜன் இல்லை. சதை சதையோடு சேர்ந்து அந்நியப் பொருளைப் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவே. இரண்டாம் உலகப்போரில் விமானிகளின் கண்ணில் பாய்ந்த அக்ரிலிக் சில்லுகள் தொந்தரவு தராமல் கிடப்பதைக் கண்டுதான் கண் மருத்துவர் ஹெரால்ட் ரிட்லி 1949இல் லண்டனில் முதல் செயற்கை லென்ஸை வைத்தார். உடம்பு அதைச் சகித்துக்கொண்டதே தவிர, தன்னுடையதாக்கிக்கொள்ளவில்லை. பிறவி லென்ஸ் மட்டும் என்ன? அதில் ரத்தக்குழாய் இல்லை, நரம்பு இல்லை. அதன் நடுப்பகுதி தாயின் வயிற்றிலேயே உருவானது. அந்தச் செல்கள் உட்கருவை இழந்தபின் சாகும்வரை புதுப்பிக்கப்படாமல் கிடக்கின்றன. உடம்பில் இத்தனை காலம் புதுப்பிக்கப்படாமல் கூடவே இருப்பவை மிகக் குறைவு. இருந்தும், அதை எடுத்தபின் 'என்னில் பாதி போயிற்று' என்று எவரும் அழுவதில்லை. தெளிவாகத் தெரிகிறது என்று மகிழ்கிறார்கள்.

சைவ சித்தாந்தம் இதை 13ஆம் நூற்றாண்டிலேயே தெளிவாக யோசித்திருக்கிறது. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் பதினோராம் சூத்திரத்தில், பார்க்கிற கண்ணுக்கு உயிர் உடனின்று காட்டுவதை உவமையாக வைத்து, உயிருக்கு இறைவன் காட்டுவதை விளக்குகிறார். கண் கருவி; அறிவது உயிர். ஆனால் சித்தாந்தத்துக்குள்ளிருந்தே வலுவான மறுப்பு ஒன்று வரும். உயிரின் இயல்பு சார்ந்ததன் வண்ணமாதல் அல்லவா? சார்ந்ததுபோல் ஆகிற உயிர், ஒட்டிய லென்ஸாகவும் ஏன் ஆகாது? அந்தக் கொள்கைக்குச் சொல்லப்படும் பளிங்கு உவமையிலேயே விடை இருக்கிறது. சிவப்பு மலர் பக்கத்தில் இருந்தால் பளிங்கு சிவப்பாகத் தெரியும். மலரை எடுத்தால் பளிங்கு பளிங்குதான். உயிரைக் கட்டுவது 'நான்', 'எனது' என்று பற்றும் பற்று. அந்தப் பற்றைக் கொலாஜன் இழையில் தேடிப் பயனில்லை. உடம்பில் ஒட்டாத வீட்டையும் நிலத்தையும் உயிருக்கு மேலாகப் பிடித்துக்கொள்கிறவர்கள் இல்லையா?

பௌத்தர் கேட்கும் கேள்வி இதைவிடக் கடினமானது. ஒவ்வொரு உறுப்பையும் கழற்றி வைக்கலாம் என்றால், கடைசியில் உடையவன் என்று ஒருவன் எதற்கு? இதை எளிதில் தள்ள முடியாது. அறுவைக்குப் பின் நோயாளி, 'முன்பு மஞ்சளாகத் தெரிந்த வெள்ளை இப்போது வெள்ளையாகவே தெரிகிறது' என்கிறார். மஞ்சளைக் கண்ட லென்ஸ் குப்பைக்குப் போயிற்று. புதிய லென்ஸ் அந்த மஞ்சளைக் கண்டதே இல்லை. இரண்டையும் ஒப்பிட்டவர் இரண்டு லென்ஸிலும் இல்லை. ஒப்பிடுவது கணந்தோறும் தொடரும் நினைவோட்டமே என்று பௌத்தர் பதில் சொல்வார். அழியாத உயிர் ஒன்று உண்டு என்பதை இந்த வாதம் நிறுவிவிடாது. அதற்கு நான் வேறு காரணங்களை நம்பியிருக்கிறேன். பார்க்கிறவர் கருவியில் அடங்கியவர் அல்லர் என்ற அளவுக்கு இது போதும். பௌத்தருக்கும் அதில் மறுப்பிருக்காது.

இது ஏட்டோடு நிற்கிற விஷயமாக இருந்தால் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன். கண்ணைத் தானம் செய்தால் அடுத்த பிறவியில் பார்வையில்லாமல் பிறப்போம் என்று அஞ்சுகிறவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களில் பலர் தயங்காமல் பிளாஸ்டிக் லென்ஸை வைத்துக்கொண்டவர்களாகவும் இருக்கலாம். பருவுடல் இங்கேயே விழுகிறது. வினைக்கேற்ற பிறவிக்கு உயிர் நுண்ணுடலோடுதான் போகிறது என்பது அவர்கள் நம்பும் சமயத்தின் கொள்கை. அப்படியிருக்க, கருவிழியைக் கொடுத்தால் அடுத்த பிறவியில் எது குறையும்? காளத்தியில் தன் கண்ணைத் தோண்டி அப்பிய கண்ணப்பரை அறுபத்துமூவரில் ஒருவராகத்தானே வணங்குகிறோம்? அவர் கொடுத்தது இறைவனுக்கு, மனிதருக்கல்ல என்பார்கள். மனிதருக்குக் கொடுப்பது கோயிலில் இருக்கும் இறைவனுக்கும் சேரும் என்று திருமூலரே சொல்லிவிட்டார். உடம்பைச் சிதைத்து அனுப்புவதா என்ற கலக்கம் மட்டும் மிஞ்சும். அதை நான் மதிக்கிறேன். உடம்பு உயிர் குடியிருந்த இடம், அலட்சியத்துக்குரியது அல்ல. ஆனால் கருவிழியை எடுத்தபின் இமையை மூடிவிட்டால் முகத்தில் வித்தியாசம் தெரியாது. இறந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்பதால், வீட்டில் இந்தப் பேச்சை உயிரோடு இருக்கும்போதே பேசி வைத்துவிட வேண்டும்.