யாரும் பார்க்காத இடம்

தானாக வந்த கஷ்டத்தைப் பொறுத்துக்கொள்பவனை நாம் பாராட்டுகிறோம். கஷ்டத்தைத் தேடிக்கொண்டு போகிறவனை என்னவென்று சொல்வது? வீரன் என்பதா, வேலையற்றவன் என்பதா? இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டவர் அனகாபுத்தூரில் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு நெசவாளி.

அவருடைய மகன் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறான். 2019-ஆம் வருஷம் ஆவணி மாதத்தில் ஒரு மாலை, கையில் ஒரு வரைபடத்துடன் என் வீட்டுக்கு வந்தான். அக்டோபர் 20-ஆம் தேதி கோவாவில் மிராமர் கடற்கரையில் ஒரு ட்ரையத்லான் போட்டி. அதில் பெயர் கொடுத்திருக்கிறானாம்.

“முதல்லே கடல்லே 1.9 கிலோமீட்டர் நீந்தணும் சார். கரையேறினதும் சைக்கிள்லே 90 கிலோமீட்டர். அப்புறம் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். எல்லாத்தையும் எட்டரை மணி நேரத்துக்குள்ளே முடிக்கணும். இதுக்கு நடுத்தர தூரம்னு பேர்.”

“நடுத்தரமா!” என்றேன். என் குரலிலிருந்த கேலி அவன் காதில் விழவில்லை. பாதையில் எங்கெங்கே என்னென்ன காத்திருக்கின்றன என்று உற்சாகமாக விளக்கத் தொடங்கினான். கடலில், குளத்தில் இருப்பதுபோல் அடித்தரையில் வழிகாட்டும் கோடு கிடையாது. நாலைந்து வீச்சுக்கு ஒரு தரம் தலையைத் தூக்கி, மிதவை எங்கே என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நீந்துகிறவனின் கை முகத்தில் படும். சைக்கிளில் போகும்போதே பசிக்காவிட்டாலும் தின்ன வேண்டும். உடம்பிலுள்ள சர்க்கரைச் சேமிப்பு இரண்டு மணி நேரக் கடும் உழைப்புக்குக்கூடக் காணாது. வியர்வையோடு உப்பும் போய்விடுவதால், வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிப்பதும் ஆபத்து. சைக்கிளை விட்டு இறங்கி ஓடத் தொடங்கினால் முதல் இரண்டு கிலோமீட்டருக்குக் கால்கள் மரக்கட்டை. அதற்குள் வெயிலும் உச்சிக்கு வந்துவிடும்.

மகனைத் தேடிக்கொண்டு வந்த தகப்பனார் திண்ணையோரம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இவ்வளவு பாடு படறதுக்கு யாருடா கூலி கொடுக்கறாங்க?”

“கூலி இல்லேப்பா. நாமதான் பணம் கட்டணும்.”

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். “கேட்டீங்களாய்யா? நான் நாற்பது வருஷம் குழித்தறியிலே காலை மிதிச்சேன். கூலி கொடுத்தாங்க. இவன் காசு கொடுத்து மிதிக்கப் போறான்!”

எனக்கும் அன்று சிரிப்புத்தான் வந்தது. ஆனால் இரவில் யோசித்துப் பார்த்தபோது சிரிப்பு நிற்கவில்லை.

அந்த மனிதரின் பாடு எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். அனகாபுத்தூரில் நெய்த கட்டம்போட்ட மெட்ராஸ் துணி ஒரு காலத்தில் நைஜீரியா வரைக்கும் கப்பலேறியது. பிறகு அந்தச் சந்தை போயிற்று. தறிகளும் ஒவ்வொன்றாகப் போயின. வாழைநாரில் சேலை நெய்து ஊரின் பெயரைக் காப்பாற்றுகிறவர்கள் சிலர். மற்றவர்கள் வேறு பிழைப்புக்குப் போனார்கள். அவருடைய பாதைக்கு வரைபடம் இல்லை. இத்தனை கிலோமீட்டரோடு முடிந்துவிடும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நடுவில் நிறுத்திவிட்டுக் கரையேறும் உரிமையும் அவருக்கு இல்லை; நிறுத்தினால் அடுப்பு எரியாது. அப்படிப்பட்டவருடைய மகன் அளந்து வைத்த துன்பத்தை விலை கொடுத்து வாங்குகிறான் என்றால், அது தகப்பனின் கஷ்டத்தைப் பரிகாசம் செய்வது அல்லவா?

இதற்கு மறுபக்கமும் உண்டு. தேடிக்கொள்ளும் கஷ்டம் நமக்குப் புதிதல்ல. பழனிக்கு நடக்கிறோம், கார்த்திகையில் அண்ணாமலையைச் சுற்றுகிறோம், பட்டினி கிடந்து விரதம் இருக்கிறோம். ஆனால் அங்கே பாதையின் முடிவில் ஒரு தெய்வம் நிற்கிறது. இங்கே நிற்பது ஒரு கடிகாரம்தான். இந்த நெடுந்தூரப் போட்டியின் பிறப்பிலும் பக்தி இல்லை. நீந்துகிறவனா, ஓடுகிறவனா, சைக்கிள் விடுகிறவனா, யார் உடம்பு உறுதி என்று அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவர் நண்பர்களும் வாதாடியதில் வந்தது அது. 1978 பிப்ரவரி 18-ல் ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேர் புறப்பட்டு, 12 பேர் முடித்தார்கள். அந்தத் தூரத்தில் சரிபாதிதான் நம் பையனின் ‘நடுத்தரம்.’ ஆக, வித்து வெறும் ஜம்பம். வித்து ஜம்பமாக இருந்தால் விளைவதும் ஜம்பமாகத்தான் இருக்க வேண்டுமா?

பையனோ என் விசாரம் எதுவும் அறியாமல் பயிற்சியில் இறங்கினான். ஊரோரம் அடையாறு ஓடுகிறது. அதில் கால் வைக்க முடியாது. ஆகவே இருட்டோடு எழுந்து கோவளம் கடலுக்குப் போனான். வண்டலூர் சாலையில் சைக்கிள் மிதித்தான். அக்டோபரில் கோவாவுக்குப் போனான். எட்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக முடித்து, பதக்கத்துடன் திரும்பினான்.

தெருவே பாராட்டிற்று. பையன் முகம் மட்டும் தெளியவில்லை. இரண்டு நாள் கழித்து, தகப்பனாரும் நானும் பேசிக்கொண்டிருந்தபோது அருகில் வந்து உட்கார்ந்தான்.

“சைக்கிள்லே ஒரு விதி இருக்கு சார். முன்னாலே போறவர்கிட்டேருந்து பன்னிரண்டு மீட்டர் தள்ளியே போகணும். முந்தறதா இருந்தா இருபத்தைந்து விநாடிக்குள்ளே முந்திடணும். ஒட்டிக்கிட்டுப் போனா அவர் காற்றைக் கிழிச்சுக் கொடுப்பார். நமக்குப் பாடு குறைஞ்சுடும். அறுபது கிலோமீட்டர் தாண்டினப்போ எதிர்க்காற்று. கால் செத்துப்போச்சு. முன்னாலே ஒருத்தர் போனார். மூணு நிமிஷம் அவர் பின்னாலேயே ஒட்டிக்கிட்டேன். யாரும் பார்க்கலே.”

அந்த மூன்று நிமிஷத்தை அவன் சொல்லியிராவிட்டால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. தகப்பனார் வெகுநேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்:

“பாவிலே ஒரு இழை அறுந்தா தறியை நிறுத்தி முடிபோடணும். போடாம ஓட்டினா அன்னிக்கு ரெண்டு முழம் கூட நெய்யலாம். வாங்கறவனுக்குத் தெரியாமலே போயிடலாம். நெய்தவனுக்குத் தெரியும்.”

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. தகப்பனுக்கு நிறுத்தும் உரிமை இல்லை, மகனுக்கு இருந்தது என்று நான் போட்ட கணக்குச் சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் ஒன்று விட்டுப்போயிற்று. விதிக்கப்பட்ட பாட்டிலும் சரி, வாங்கிக்கொண்ட பாட்டிலும் சரி, யாரும் பார்க்காத ஓர் இடம் வருகிறது. அங்கே என்ன செய்தோம் என்பது மட்டும் முழுக்க நம்முடையது.

எல்லோரும் பார்க்கும் இடத்தில் பெருந்தன்மை வருவதுண்டு. 2016-ல் மெக்ஸிகோவின் கோஸுமெல் போட்டியில், முதலிடத்தில் ஓடிக்கொண்டிருந்த ஜானி பிரவுன்லீ முடிவை நெருங்கும்போது தள்ளாடினார். பின்னால் வந்த அண்ணன் அலிஸ்டர் அவரைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுபோய், எல்லைக்கோட்டில் தம்பியை முன்னால் தள்ளிவிட்டார். உயர்ந்த செயல்தான், உலகமே கண்டு உருகிற்று. ஆனால் நம்மில் பலருக்குச் சோதனை எல்லைக்கோட்டில் வருவதில்லை. அறுபதாவது கிலோமீட்டரில், சாட்சியில்லாத சாலையில் வருகிறது.

இந்தப் பாதையில் எதை எதிர்பார்ப்பது என்று இனி யாராவது கேட்டால், அலையை, வெயிலை, மரத்துப்போகும் காலை எல்லாம் சொல்வேன். அவை வரைபடத்திலும் உண்டு. அதில் இல்லாத அந்த ஓர் இடத்தையும் எதிர்பார்த்துப் போ என்பேன். அதைக் கண்டுகொள்வதற்காக ஒருவன் பணம் கட்டுகிறான் என்றால், இப்போது நான் சிரிக்கமாட்டேன்.

நோய்த்தொற்றுக் காலம் கழிந்து 2022 நவம்பரில் கோவாவில் அந்தப் போட்டி மறுபடி நடந்தது. பையன் போய்வந்தான். முன்னைவிட இருபது நிமிஷம் அதிகமாயிற்றாம். தகப்பனார் பதக்கத்தை வாங்கிப் பார்க்கவில்லை.

“காத்து எப்படிடா இருந்தது?” என்றார்.

“பலமா இருந்ததுப்பா.”

அவர் மேலே ஒன்றும் கேட்கவில்லை.