யாருடைய தாமதம்?

2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளை நிலச்சரிவு வாரிக்கொண்டு போனது. விடிந்ததும் அந்தச் செய்தியைக் கைபேசியில் பார்த்தபடியேதான் சென்னை ஓ.எம்.ஆர். சாலை நெரிசலில் பலர் வழக்கம்போல ஊர்ந்திருப்பார்கள். ஊரே மண்ணுக்குள் போயிருக்க, இங்கே அரை மணி நேரத் தாமதத்துக்குப் புலம்புகிறோமே என்ற கூச்சம் சிலருக்காவது வந்திருக்கும். நல்ல கூச்சம்தான். ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம்?

"அவனவனுக்கு என்னென்னவோ நடக்குது, உனக்கு இதெல்லாம் ஒரு குறையா?" என்று கேட்பது நம் வீடுகளில் பழக்கம். கேட்பவர் நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார். ஆனால், புதையுண்டவர்களின் துயரம் அங்கே நம் எரிச்சலுக்குத் தடவும் தைலமாகிவிடுகிறது. அவர்களுக்காகத் துரும்பைக்கூட அசைக்காமல், அவர்களை வைத்து நாம் ஆறுதல் அடைகிறோம். பொறுப்பில் இருப்பவர்களுக்கும் இந்தக் கேள்வி மிகவும் வசதி. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டம் சுமார் 119 கி.மீ. வேலை நடந்தால் சாலை குறுகத்தான் செய்யும், பொறுத்துக்கொள்வதே நியாயம். வேலை முடிந்து தடுப்புகளை எடுத்த பிறகும் சாலை குண்டும் குழியுமாகக் கிடந்தால், ஏன் என்று கேட்பதும் நியாயம். எங்கோ பேரழிவு நிகழ்ந்தது என்பதற்காக அந்தக் கேள்வி அற்பமாகிவிடாது.

சாலை விஷயம் சின்ன விஷயம் என்பதே தப்புக் கணக்கு. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய அரசின் அறிக்கை சொல்கிறது. அந்த இறப்புகளில் பெரும்பங்குக்கு அதிவேகமே காரணம் என்கிறது அதே அறிக்கை. ஒரே இரவில், ஒரே இடத்தில் நிகழாததால் இந்தச் சாவுகள் தலைப்புச் செய்தி ஆவதில்லை. சிக்னலில் போன பத்து நிமிடத்தை அடுத்த காலிச் சாலையில் பிடித்துவிடலாம் என்ற அவசரமும், யூ-டர்ன் வரை போகச் சோம்பி எதிர்த்திசையில் வண்டியை விடும் துணிச்சலும் அந்த எண்ணிக்கையோடு உறவுடையவை.

அப்படியானால் நம் எரிச்சலுக்கான அளவுகோலை எங்கே தேடுவது? வயநாடுவரை போக வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்கும் மாநகரப் பேருந்தின் படிக்கட்டே போதும். கூவம் கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏராளமான குடும்பங்கள் இன்று பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில் இருக்கின்றன. அங்கிருந்து பழைய பேட்டைகளுக்கே வீட்டுவேலைக்கு வந்துபோகும் பெண்கள் உண்டு. 2021 முதல் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் அவர்களுக்குப் பயணச் செலவு இல்லை. ஆனால் பேருந்து நெரிசலில் நின்றால் அந்த நேரத்துக்கு யாரும் ஈடு தருவதில்லை. ஐ.டி. அலுவலகத்தில் 'டிராஃபிக்' என்ற ஒரு சொல்லே போதுமான விளக்கம். அதே சொல்லை அந்தப் பெண்களில் ஒருவர் சொன்னால் வீட்டுக்காரர் நம்ப மாட்டார். ஏசிவிட்டு வேறு ஆளைப் பார்ப்பார். ஒரே சிவப்பு விளக்கு. ஆனால் அதற்குக் கொடுக்கும் விலை ஆளுக்கு ஆள் வேறு.

கோபமும் இந்த ஏற்றத்தாழ்வைப் பார்த்துத்தான் பாய்கிறது. வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்கும்போதே வள்ளுவர், சினம் செல்லுபடியாகும் இடம், ஆகாத இடம் என்று பிரித்துவிடுகிறார். சாலையில் சினம் செல்லுபடியாகும் இடம் உணவு கொண்டுபோகும் பைக்காரர், ஷேர் ஆட்டோக்காரர், குறுக்கே வரும் முதியவர். சாலையைத் திட்டமிட்ட பொறியாளர் எந்த சிக்னலிலும் நம் பக்கத்தில் வந்து நிற்பதில்லை. ஆகவே புலம்பலாம், மனு கொடுக்கலாம், வார்டு கவுன்சிலரை நச்சரிக்கலாம். எல்லாம் அறத்துக்கு உட்பட்டதே. கண்ணாடியை இறக்கி எளியவரை வைவது மட்டும் அதில் சேராது.

இதைவிடக் கடினமான சோதனை ஒன்று உண்டு. 2008-ல் டெல்லியின் அம்பேத்கர் நகர்–மூல்சந்த் சாலையில் பேருந்துக்கெனத் தனித்தடம் ஒதுக்கினார்கள். காரில் போகிறவர்களின் நேரம் வீணாகிறது என்று எதிர்ப்பு கிளம்பி, நீதிமன்றம்வரை போனது. 2012-ல் உயர் நீதிமன்றம் அந்த வழக்கைத் தள்ளுபடி செய்தது. சில ஆண்டுகளில் அரசே அந்தத் தடத்தை இடித்துவிட்டது. ஓ.எம்.ஆரில் நாளை அப்படி ஒரு தடம் வந்தால், இன்று நெரிசலைப் பற்றி நொந்துகொள்பவர்களில் எத்தனை பேர் அதன் பக்கம் நிற்பார்கள்?