கல்விக்கு விடுமுறை உண்டா?

யூதர்களின் நாட்காட்டியில் ஆப் மாதம் ஒன்பதாம் நாள் பெரிய துக்க நாள். ஜெருசலேமில் இருந்த கோயில் இரண்டு முறை அழிக்கப்பட்டதை நினைத்து அன்று முழுப் பட்டினி இருப்பார்கள். குளிக்க மாட்டார்கள், தோல் செருப்பு அணிய மாட்டார்கள். இந்த விலக்குகளோடு இன்னொன்றும் உண்டு: அன்று வேதம் படிக்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடம் கிடையாது. வேதம் மனத்தை மகிழ வைக்கும், துக்க நாளில் மகிழ்ச்சி ஆகாது என்பது யூதர்களின் சட்டநூலான தால்முத் சொல்லும் காரணம். புலம்பல், யோபு போன்ற துயரம் நிறைந்த நூல்களுக்கு மட்டும் அனுமதி.

தமிழ்நாட்டில் நிலைமை நேர்மாறு. கடைசிப் பரீட்சை முடிந்த பிற்பகலில் பள்ளி வாசலில் நின்று பார்த்தால் தெரியும். பிள்ளைகள் ஒருவர் சட்டையில் ஒருவர் மை தெளித்துக் கும்மாளமிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. பத்து மாதம் சுமந்த பாரம் அன்றுதான் இறங்குகிறது.

இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவே பழைய கேள்வி ஒன்று நிற்கிறது. கல்வி கடமையா, இன்பமா? கடமை என்றால் அதற்கு ஓய்வு வேண்டும். இன்பம் என்றால் அதை ஏன் நிறுத்த வேண்டும்? கோடையில் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாமா, விளையாட விடலாமா என்று வீட்டுக்கு வீடு நடக்கும் வாக்குவாதம் இந்தக் கேள்வியில்தான் போய் முட்டுகிறது.

பழைய மரபுகள் இந்தக் கேள்வியைத் தம் வழியில் எதிர்கொண்டிருக்கின்றன. ஆவணி அவிட்டம் என்றால் பூணூல் மாற்றும் நாள் என்றே இன்று பலரும் அறிவார்கள். வேதப் பாடத்தின் ஆண்டுத் தொடக்கமும் அதுதான். அப்போது தொடங்கி நாலரை மாதம் ஓத வேண்டும் என்கிறது மனுஸ்மிருதியின் நான்காம் அத்தியாயம். தை மாத அளவில் ஊருக்கு வெளியே உத்சர்ஜனம் என்ற சடங்கு செய்து தொடர் பாடத்தை நிறுத்துவார்கள். அதன் பிறகு வளர்பிறையில் வேதம், தேய்பிறையில் இலக்கணம், யாப்பு, வானியல் போன்ற வேதாங்கங்கள். அமாவாசை, பௌர்ணமி, அட்டமி, சதுர்த்தசி நாட்களிலும், இடி மின்னல் நேரத்திலும் பாடம் இல்லை. இதற்கு அனத்தியயனம் என்று பெயர். ஆனால் அன்றாடம் தானே ஓதும் பாராயணத்துக்கும் வேதாங்கங்களுக்கும் இந்தத் தடை பொருந்தாது என்று அதே நூலின் இரண்டாம் அத்தியாயம் விலக்கு அளிக்கிறது. அதாவது, குரு சொல்லித்தரும் பாடத்துக்கு விடுமுறை உண்டு. சீடன் தானாகக் கற்பதற்கு இல்லை.

பாபிலோனில் வாழ்ந்த யூதர்கள் இன்னொரு வழி கண்டார்கள். சூரா, பும்பெதிதா என்ற இரண்டு ஊர்களின் கல்விக்கூடங்கள் ஆண்டுக்கு இரண்டு மாதங்கள், குளிர்காலத்தின் முடிவில் அதார் மாதத்திலும் கோடையின் முடிவில் எலுல் மாதத்திலும், வெளியூர் மாணவர்களுக்காகத் திறந்திருந்தன. ஊரில் தொழில் பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் அப்போது திரண்டு வருவார்கள். கூடத்தின் தலைவர் முன்னால் பத்துப் பேர் வீதம் ஏழு வரிசையாக எழுபது அறிஞர்கள் அமர்வார்கள். மாதம் முடியும்போது அடுத்த முறை விவாதிக்கப்போகும் நூல்பகுதி அறிவிக்கப்படும். அதை எடுத்துக்கொண்டு ஊர் திரும்பி, இடையிலுள்ள மாதங்களில் அவரவர் வீட்டில் படித்து வர வேண்டும். இங்கே கல்விக்கூடத்தில் கூடுவது ஒவ்வொரு முறையும் ஒரு மாதம்தான். கற்பதில் பெரும்பகுதி வீட்டில், மேற்பார்வை ஏதும் இல்லாமல் நடந்திருக்கிறது.

ஓய்வு எதற்கு என்பதை அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ நூலின் எட்டாம் பகுதியில் ஆராய்கிறார். விளையாட்டு, உழைத்துக் களைத்தவனுக்குத் தரும் மருந்து. ஓய்வு அப்படி அல்ல. மனிதன் தனக்காகவே வாழும் நேரம் அது. அந்த நேரத்தை நன்றாகச் செலவிடவும் பழக வேண்டும் என்பதற்காகவே அவர் இசையைப் பாடத்தில் சேர்த்தார்.

ஆனால் கிரேக்கரின் ஓய்வு அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. வேதப் பாடசாலையின் கதவு பெண்களுக்கும் சூத்திரருக்கும் மூடியிருந்தது. கற்கும் ஓய்வு யாருக்கு வாய்க்கிறது என்ற கேள்வி இன்றும் தீரவில்லை. ஒரு பிள்ளைக்குக் கோடை என்றால் நீச்சல், ஓவியம், ஊட்டி. இன்னொரு பிள்ளைக்கு அம்மாவோடு வேலைக்குப் போவது, அல்லது தம்பி தங்கையைப் பார்த்துக்கொண்டு பூட்டிய வீட்டுக்குள் இருப்பது.

இந்த வேறுபாட்டை அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து பார்த்திருக்கிறார்கள். ஹாரிஸ் கூப்பரும் உடன் ஆய்வாளர்களும் 39 ஆய்வுகளைத் தொகுத்து 1996-ல் வெளியிட்ட கட்டுரை, கோடை முடிந்து திரும்பும் மாணவர்கள் சராசரியாக ஒரு மாதப் படிப்பை இழக்கிறார்கள் என்றது. கணக்கில் இழப்பு எல்லோருக்கும் நேர்ந்தது. வாசிப்பில் மட்டும் ஏழைப் பிள்ளைகள் பின்தங்க, நடுத்தர வீட்டுப் பிள்ளைகள் சற்று முன்னேறியே இருந்தார்கள். இழப்பின் அளவு குறித்துப் பிற்பாடு கருத்து வேறுபாடுகள் எழுந்திருக்கின்றன. ஆனாலும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. கோடையில் யாருக்கும் பள்ளிக்கூடம் இல்லை. புத்தகம் சில வீடுகளில் இருந்தது, சில வீடுகளில் இல்லை.

இதற்கு மருந்து என்ன என்று ஃபுளோரிடாவில் ரிச்சர்ட் ஆலிங்டனும் குழுவினரும் சோதித்தார்கள். வறுமை மிகுந்த 17 தொடக்கப் பள்ளிகள். அங்கே 852 பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறைக்கு முன்பு ஆளுக்குச் சுமார் 12 புத்தகங்கள், மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கொடுத்தார்கள். புத்தகக் காட்சி போலப் பரப்பி வைத்து, எது வேண்டுமோ அதைப் பிள்ளைகளையே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். பயிற்சித்தாள் கிடையாது, பரீட்சை கிடையாது. புத்தகம் பெறாத 478 பிள்ளைகளோடு ஒப்பிட்டபோது, பெற்றவர்களின் வாசிப்புத் திறன் தெளிவாகவே உயர்ந்திருந்தது. மிக ஏழைப் பிள்ளைகளிடம் பலன் இன்னும் கூடுதல். 2010-ல் வெளிவந்த இந்த ஆய்வு, பழைய மரபுகள் தம் அனுபவத்தில் கண்டதையே எண்களால் காட்டுகிறது. தானே தேர்ந்து, தனக்காகப் படிப்பது ஓய்வுக்கு விரோதமல்ல.

தமிழ்நாட்டில் இதை ஓரளவு உணர்ந்து நடப்பவை வழிபாட்டு இடங்கள். மே மாதம் வந்தால் தேவாலயங்களில் வி.பி.எஸ். எனப்படும் விடுமுறை வேதாகமப் பள்ளி களைகட்டும். 1898-ல் நியூயார்க்கின் கிழக்குப் பகுதியில், தெருவில் திரிந்த குழந்தைகளுக்காக ஒரு பெண்மணி மதுக்கூடம் ஒன்றை வாடகைக்குப் பிடித்துத் தொடங்கிய வகுப்பிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. இங்கே கைகால் ஆட்டிப் பாடும் பாட்டு, கதை, மனப்பாட வசனம், காகித வேலை, கடைசி நாளில் பெற்றோர் முன்னிலையில் கலைநிகழ்ச்சி. பள்ளிவாசல்களில் தீனியாத் எனப்படும் கோடைக்கால மார்க்க வகுப்புகள். கோயில்களில் தேவார, திருவாசக வகுப்புகள். தோல்வி பயமில்லாமல் பிள்ளைகள் கூடிக் கற்க இவை இடம் தருகின்றன. மதச்சார்பற்ற பள்ளிகள் இவற்றிடமிருந்து தயங்காமல் இந்த முறையைக் கற்றுக்கொள்ளலாம்.

மாறாக, ஏப்ரலிலேயே அடுத்த வகுப்புப் பாடத்தைத் தொடங்கும் சிறப்பு வகுப்புகள் ஓய்வையும் கெடுக்கின்றன, கல்வியையும் கெடுக்கின்றன. பதினோராம் வகுப்புக்குப் போகும் முன்பே அதன் இயற்பியலைப் பாதி முடித்த பிள்ளை, ஜூன் மாதம் களைத்துப்போய் வகுப்பில் உட்கார்ந்திருக்கும். அந்த வகுப்புகள் நிறுத்தப்பட வேண்டும். அதே சமயம், கோடை முழுக்கப் பிள்ளையை அலைபேசித் திரையிடம் ஒப்படைத்துவிட்டு அதற்கு ஓய்வு என்று பேர் வைப்பதும் நியாயமில்லை.

கோடையில் பிள்ளைகள் தாமாகக் கற்கப் பெரிய செலவு எதுவும் தேவையில்லை. வள்ளுவர் கல்வி, கல்லாமை என்ற அதிகாரங்களுக்கு அடுத்துக் கேள்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். பாட்டியிடம் ஊர்க்கதை கேட்பதும், தாத்தாவோடு வயலில் நடந்து பயிர்களின் பெயர் அறிவதும் அதில் அடங்கும். சென்னை மாகாணம் 1948-லேயே பொது நூலகச் சட்டம் கொண்டுவந்தது. இன்றும் சொத்து வரியோடு நூலக வரி கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். பெற்றோர் இந்தக் கோடையில் பிள்ளையைப் பக்கத்துக் கிளை நூலகத்துக்கு அழைத்துப் போய் உறுப்பினராக்கட்டும். எந்தப் புத்தகம் என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கடைசி வேலைநாளில் பள்ளி நூலகத்தின் பீரோவைப் பூட்டுவதற்கு முன், ஒவ்வொரு மாணவர் கையிலும் நான்கு புத்தகங்களாவது கொடுத்தனுப்புங்கள். ஜூன் மாதம் திரும்பி வரும்போது சில கிழிந்திருக்கலாம், சில வராமலே போகலாம். அதற்கு அபராதம் போடாதீர்கள்.