ஐம்பது வயதில் காடு எதற்கு?

ஐம்பதை நெருங்கும்போது பலருக்கும் ஒரு கேள்வி எழுகிறது. பிறந்த ஊர், பிழைப்புக்கான வேலை, அன்றாட வீட்டுக் கவலை என்று இவற்றிலேயே உழன்றுகொண்டிருந்தால் ஆன்ம விடுதலை எப்போது வாய்க்கும்? மனுஸ்மிருதியிடம் இதற்கு நேரடியான பதில் உண்டு. தோல் சுருங்கி, தலை நரைத்து, பேரப்பிள்ளையையும் கண்டுவிட்ட இல்லறத்தான் காட்டுக்குப் புறப்படட்டும் என்கிறது அது. அதன் கணக்கில் ஊரும் தொழிலும் ஒரு கட்டத்தில் இறக்கிவைக்க வேண்டிய சுமைகள். 12ஆம் நூற்றாண்டில், சோழ அரசில் அமைச்சராக இருந்த சேக்கிழார் பாடிய பெரியபுராணம் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. விட வேண்டியது ஊரையோ தொழிலையோ அல்ல, அவற்றின் பலன் எனக்கே என்ற பிடிப்பைத்தான் என்பது அந்த நூலிலிருந்து பெறத்தக்க முடிவு.

சிவனடியார்களின் வரலாறுகளைச் சேக்கிழார் பெரும்பாலும் அவர்களுடைய நாட்டையும் ஊரையும் பாடியே தொடங்குகிறார். அடுத்துத் தொழில் வருகிறது. தில்லையில் குயவர் திருநீலகண்டர் அடியார்களுக்குத் திருவோடு வனைந்து தருகிறார். காஞ்சியில் திருக்குறிப்புத் தொண்டர் அவர்களின் துணியை வெளுத்துத் தருகிறார். திருவொற்றியூர்க் கலியர் செல்வமெல்லாம் கரைந்த பிறகும், கூலிக்குச் செக்காட்டியாவது கோயில் விளக்கை எரிக்கிறார். இறைவனைத் தேடி இவர்கள் தொழிலை விட்டுப் போகவில்லை. திருநீலகண்டரும் அவர் மனைவியும் ஒரே வீட்டில் இருந்தபடியே, ஒருவரையொருவர் தீண்டாத சபதத்தை முதுமைவரை காத்தார்கள். காட்டில் காக்கும் துறவைவிட இது எளிது என்று யாரும் சொல்லிவிட முடியாது.

இவையெல்லாம் இறைவனே நேரில் வரும் அற்புதக் கதைகள், அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அலைகிற மனிதனுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். ஆனால் நாகப்பட்டினத்து மீனவர் அதிபத்தரின் கதையில் எடை அற்புதத்தில் இல்லை, அதற்கு முந்தைய நாட்களில் இருக்கிறது. வலையில் விழுவதில் ஒரு மீனை இறைவனுக்கென்று கடலில் விடுவது அவர் வழக்கம். ஒரே மீன் மட்டும் கிடைத்த நாட்களிலும், சுற்றம் பட்டினி கிடக்க, அதையே விட்டார். ஒருநாள் வலையில் பொன்மீன் வந்தபோது அதையும் விட்டதற்குப் புதிய வைராக்கியம் தேவைப்படவில்லை. பழகிய கை செய்தது. அன்றாட வாழ்க்கை பற்றை வளர்க்கும் இடம் என்பது உண்மையானால், பற்றைக் குறைத்துப் பழகுவதற்கும் அதைவிட்டால் வேறு இடம் இல்லை. ஊர் ஊராக நடந்த அடியார் அப்பரே கையில் உழவாரம் ஏந்திக் கோயில்களில் புல் செதுக்கினார். ஊரை விட்டவருக்கும் வேலை விலக்காகவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. தொழிலையும் ஊரையும் போற்றுவது, பிறப்பால் விதிக்கப்பட்ட தொழிலில் மனிதனைக் கட்டிவைப்பதற்கு உதவாதா? உதவும், உதவியும் இருக்கிறது. ஆதனூர் நந்தனார் கோயில் முரசுகளுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தார். ஆனால் பிறப்பின் காரணமாகக் கோயிலுக்குள் நுழைய முடியாமல் வெளியிலேயே நின்றார். தில்லையிலும் தீயைக் கடந்த பிறகே அவருக்கு வழி கிடைத்ததாகப் புராணமே சொல்கிறது. எல்லாருக்கும் ஊர் ஒரே மாதிரி ஊராக இருக்கவில்லை. எனவே இந்த வாதத்துக்கு ஓர் எல்லை வேண்டும்: போக வழியுள்ளவன் தங்குவதுதான் தவம், வழி அடைபட்டவன் தங்குவது சிறை. அவனுக்கு ஊரை விட்டுப் போவதே விடுதலையின் முதல் படியாக இருக்கலாம். போக வழியிருந்தும் பொறுப்பைச் சலிப்பால் உதறுகிறவனோ தன் பிடிப்பையும் மூட்டையில் கட்டிக்கொண்டுதான் காட்டுக்குப் போகிறான்.